எஞ்சினின் வலிமையும் ஆயுளும்

சேலத்திலிருந்து நாமக்கல் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையின் ஓரத்தில் சிறிது நேரம் நின்று, போகிற வருகிற லாரிகளைக் கவனித்துப் பாருங்கள். அவற்றுள் சற்றே பழையனவற்றின் முகப்பிலோ கதவின் அருகிலோ நான்கு இலக்கங்கள் கொண்ட எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். 1210, 1613, 2515, 2518 என்பன போன்ற எண்கள் அவை. நான் பணிபுரிந்த பள்ளி அந்தச் சாலையின் ஓரத்திலேயே இருந்தது. ஆகையால், இந்த எண்களுக்குப் பொருள் என்ன என்று ஆண்டுதோறும் யாரேனும் ஒரு மாணவன் கேட்டுவிடுவான். இது டாட்டா நிறுவனத்தார் கையாண்டுவரும் ஒரு சுருக்கக் குறிப்பு. முதல் இரண்டு இலக்கங்கள், சுமையும் வண்டியும் சேர்ந்த மொத்த எடையை டன் கணக்கில் சொல்லும். அடுத்த இரண்டு இலக்கங்களைப் பத்தால் பெருக்கினால், ஏறக்குறைய, எஞ்சினின் குதிரைச் சக்தி கிடைக்கும். 1210 என்றால் 12 டன், 100 குதிரைச் சக்தி. 2518 என்றால் 25 டன், 180 குதிரைச் சக்தி.

இதில் ஒரு புதிர் ஒளிந்திருக்கிறது. 1613, 2515, 2518 ஆகிய மூன்றிலும் வைக்கப்பட்டது கமின்ஸ் வகையைச் சேர்ந்த 5.9 லிட்டர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் எஞ்சின்தான். டாட்டாவும் கமின்ஸும் 1993-ஆம் ஆண்டில் சேர்ந்து தொடங்கிய கூட்டு நிறுவனத்தின் வழியாக அது நம் நாட்டு லாரிகளுக்கு வந்தது. கொள்ளளவு ஒன்றே, ஆனால் ஒன்று 130 குதிரைச் சக்தி தருகிறது, மற்றொன்று 150, இன்னொன்று 180. வலிமை மிகுந்தது விரைவில் தேய்ந்து போகும் என்று செய்தவர்களும் சொல்லவில்லை; வாங்கியவர்களும் அப்படி எண்ணி வாங்கவில்லை. அப்படியானால், 130 குதிரைச் சக்தியுள்ள எஞ்சினைப் பட்டறைக்குக் கொண்டுபோய், ஒரு திருகாணியைத் திருப்பி 180 ஆக்கிக் கொண்டால் என்ன? ஆயுள் குறையுமா, குறையாதா? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்.

வேலை செய்யும் சிலிண்டருக்குள் முதலில் எட்டிப் பார்ப்போம். டீசல் எஞ்சினில் பிஸ்டன் காற்றைப் பதினேழில் ஒரு பங்காக, ஏறத்தாழ, நெருக்குகிறது. நெருக்குண்ட காற்று பழுக்கக் காய்கிறது. அந்த நொடியில் டீசல் பீச்சப்பட்டுத் தானே பற்றிக்கொள்கிறது. அப்போது எழும் அழுத்தம், பழைய வகை எஞ்சினில்கூட, சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 70 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். பிஸ்டனின் குறுக்களவு 10 சென்டிமீட்டர் என்றால் அதன் தலைப்பரப்பு எவ்வளவு? 78 சதுர சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். பெருக்கிப் பாருங்கள்: ஐந்தரை டன். நன்கு வளர்ந்த ஆண் யானை ஒன்று பிஸ்டனின் தலையில் ஏறி நிற்பதற்குச் சமம். எஞ்சின் நிமிஷத்துக்கு 2,000 சுற்றுச் சுற்றினால், ஒவ்வொரு சிலிண்டரிலும் இந்த யானை நிமிஷத்துக்கு ஆயிரம் முறை குதிக்கிறது. லாரி மணிக்கு 40 கிலோமீட்டர் வீதம் ஓடி 5 லட்சம் கிலோமீட்டரைக் கடக்க 12,500 மணி நேரம் ஆகும். அதற்குள் கிராங்க் தண்டு 150 கோடி முறை சுற்றிவிடும். எஞ்சினை வகுக்கும் பொறியியலார் இந்த 150 கோடியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வோர் உறுப்பின் கனத்தையும் முடிவு செய்கிறார்கள்.

அவர்கள் தேவைக்கு மேல் கொஞ்சம் கனம் வைப்பார்கள் என்பது உண்மையே. வார்ப்பில் சிறு குறை இருக்கலாம். ஓட்டுபவர் அசட்டையாக இருக்கலாம். எண்ணெய் மாற்ற ஒரு மாதம் பிந்தலாம். இவற்றுக்கெல்லாம் இடம் கொடுத்து வைக்கும் சேமிப்பு அது. மகசூல் பொய்த்தால் எடுத்துக்கொள்ளக் குதிரில் கொஞ்சம் தானியம் மீத்து வைக்கிறோம் அல்லவா, அதைப் போல. எஞ்சினின் சக்தியைக் கூட்டுகிறவர் கை வைப்பது இந்தக் குதிரில்தான். கூடுதல் சக்தி ஆகாயத்திலிருந்து வருவதில்லை.

இனி, அந்தத் திருகாணிக்கு வருவோம். பழைய டீசல் பம்ப்பில் முக்கியமான அமைப்புகள் இரண்டு உண்டு. ஒன்று, ஒரு தடவைக்கு அதிகபட்சம் எவ்வளவு டீசல் பீச்சலாம் என்பதை வரையறுப்பது. மற்றொன்று, எஞ்சின் எவ்வளவு வேகத்துக்கு மேல் சுற்றக்கூடாது என்பதைக் காக்கும் கவர்னர். இரண்டையும் தொழிற்சாலையில் அளந்து வைத்து, கம்பியும் ஈயமும் கொண்டு சீல் வைத்து அனுப்புவார்கள். பட்டறையில் அந்தச் சீலை அறுத்து முதல் அமைப்பைக் கூட்டி வைப்பது பதினைந்து நிமிஷ வேலை. லாரியின் இழுவை உடனே கூடும். தொப்பூர்க் கணவாயில் சேலத்திலிருந்து தருமபுரி நோக்கி ஏறும்போது முன்பு இரண்டாம் கியரில் திணறிய வண்டி மூன்றாம் கியரில் ஏறும். ஓட்டுநருக்கு மகிழ்ச்சி, உரிமையாளருக்கும் மகிழ்ச்சி, பட்டறைக்காரருக்குக் கூலி.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். டீசலைக் கூட்டினார்களே தவிர, காற்றைக் கூட்டவில்லை. ஒரு கிலோ டீசல் முற்றிலும் எரிய ஏறத்தாழ பதினாலரை கிலோ காற்று வேண்டும் என்பது ரசாயனக் கணக்கு. சிலிண்டருக்குள் நெய்யும் காற்றும் நன்றாகக் கலக்க நேரம் போதாது. ஆகவே டீசல் எஞ்சினுக்கு அதைவிடத் தாராளமாகவே காற்று தேவைப்படுகிறது. காற்று குறைந்தால் எரியாத கரி கரும்புகையாக வெளியேறுகிறது. மேட்டில் ஏறும் லாரியின் பின்னே கறுப்பாகச் சுருளும் புகையை வலிமையின் அடையாளமாகக் கருதுவோர் இருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய டீசல் வேலை செய்யாமலே வெளியே போவதன் அடையாளம் அது.

வீணாவது டீசல் மட்டுமாயின் கவலையில்லை. எரிதல் நீண்டு பிந்துவதால், பிஸ்டன் இறங்கத் தொடங்கிய பின்னும் நெருப்பு அதன் தலையை நக்கிக்கொண்டே இருக்கிறது. பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. தூய அலுமினியம் 660 பாகை சென்டிகிரேடில் உருகிவிடும். அதன் கலவைகள் உருகுவதற்கு வெகு முன்னரே, 300 பாகையைத் தாண்டும்போதே, வலு இழக்கத் தொடங்கும். உள்ளே எரியும் வாயுவின் வெப்பமோ 2,000 பாகையை ஒட்டியது. இந்த இரண்டுக்கும் இடையே பிஸ்டனைக் காப்பாற்றுவது, வெப்பம் ரிங்குகள் வழியாகச் சிலிண்டர் சுவருக்கும், அங்கிருந்து தண்ணீருக்கும் ஓயாமல் கடத்தப்படுவதுதான். வெப்பம் மிகுந்தால் ரிங்கின் பள்ளத்தில் எண்ணெய் கரிந்து இறுகும். ரிங் அசைய முடியாமல் ஒட்டிக்கொள்ளும். வெப்பம் போகும் வழி அத்துடன் அடைபடுகிறது. மிஞ்சிய டீசல் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சின் எண்ணெயையும் நீர்க்கச் செய்கிறது. நீர்த்த எண்ணெய் பேரிங்குகளில் மெல்லிய படலமாகத்தான் நிற்கும். இப்படி ஓரிடத்தில் தொடங்கிய கேடு மேலும் கீழும் பரவுகிறது.

தண்ணீரையும் மறக்கக்கூடாது. டீசலில் அடங்கிய ஆற்றலில் சற்றேறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குச் சிறிது கூடுதலாகத்தான் சக்கரத்துக்குப் போகும் வேலையாகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாகப் போகிறது. ஆகவே சக்தியைக் கூட்டினால் ரேடியேட்டரின் சுமையும் கூடும். சித்திரை, வைகாசியில் நம் சமவெளி அடுப்பைப் போலக் காயும் நாள்களில், 16 டன்னோடு லாரி மேட்டில் மெல்ல ஊர்ந்து ஏறும்போது, எதிர்க்காற்றின் உதவியும் அதற்குக் கிடைப்பதில்லை. கல் குவாரிகளின் தூசி ஏர் கிளீனரை அடைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அடைபட்ட ஏர் கிளீனர் சீலை அறுக்காமலே டீசலைக் கூட்டி வைத்ததற்குச் சமம். காற்றுக் குறைந்தாலும் டீசல் கூடினாலும் விகிதம் ஒன்றுதானே!

என்னிடம் படித்த ஒருவர் சங்ககிரிப் பக்கத்தில் லாரி வைத்திருந்தார். ஒரே லாரி, அதுவும் கடனில் வாங்கியது. நடைகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் தவணையை விரைவில் அடைத்துவிடலாம் என்று எண்ணிப் பம்ப்பில் டீசலைக் கூட்டி வைத்துக்கொண்டார். முதல் ஆறு மாதம் அவர் கணக்கு பலித்தது. பிறகு எண்ணெய் குறையத் தொடங்கியது. வாரத்துக்கு ஒரு லிட்டர் ஊற்ற வேண்டி வந்தது. அடுத்த கோடையில் மலைச் சாலை ஒன்றில் பிஸ்டன் தலையில் ஓட்டை விழுந்து வண்டி நின்றுவிட்டது. லைனர், பிஸ்டன், கிராங்க் தண்டைக் கடைவது என்று முழு எஞ்சின் வேலை. வண்டி இரண்டு மாதம் பட்டறையில் கிடந்தது. தவணை மட்டும் நிற்கவில்லை. கல்லூரியில் சேர வேண்டியிருந்த அவருடைய மகள் ஓர் ஆண்டு வீட்டில் இருந்தாள். என் மாணவருக்குக் கணக்கு நன்றாக வரும். அதை நானே அறிவேன். கூடுதலாகக் கிடைத்த வாடகையை அவர் எழுதி வைத்திருந்தார். எஞ்சினுக்குள் தேய்ந்ததை எழுத அவரிடம் பத்தி இருக்கவில்லை, அவ்வளவுதான்.

கவர்னரைத் தளர்த்தி வேகத்தைக் கூட்டுவது இதைவிடக் கொடிது. பிஸ்டன் மேலே போய் நின்று, திரும்பிக் கீழே வரவேண்டும். ஒவ்வொரு முறையும் அதைத் தடுத்துத் திருப்பும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடும். 2,500 சுற்றை 3,000 ஆக்கினால் வேகம் 20 சதவீதமே கூடுகிறது. விசையோ 44 சதவீதம் கூடுகிறது. கனெக்டிங் ராடின் போல்ட்டுகள் இதைத் தாங்க வேண்டும். பிஸ்டன் ரிங் தேய்ந்தால் புகை காட்டும், எண்ணெய் குடிக்கும், ஏதோ ஒரு வகையில் நமக்குச் சொல்லும். ராடு போல்ட் அறுந்தால் முன்னறிவிப்பு ஏதுமில்லை. ராடு பிளாக்கின் சுவரைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, 180 குதிரைச் சக்தி லாரி எப்படி வாழ்கிறது என்ற புதிருக்கு விடை கூறவேண்டும். அங்கே டீசலோடு காற்றும் கூட்டப்பட்டது. வெளியேறும் புகையின் விசையாலேயே சுழலும் டர்போ என்னும் விசிறி, காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. அழுத்தப்பட்ட காற்று சூடாகி விரியும். ஆகவே 180-ஐ எட்டுவதற்கு அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரையும் முன்னால் வைத்தார்கள். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதனால் எரிதலும் முழுமையாகிறது. பிஸ்டனின் அடிப்புறத்தில் எண்ணெயைப் பீச்சிக் குளிர்விப்பது, அழுத்தத்துக்கு ஏற்ற பேரிங், பெரிய ரேடியேட்டர் என்று, கூடுதல் சக்தி வேண்டும் எஞ்சின்களில் வரிசையாக எல்லாமே உடன் உயர்த்தப்படும். குதிரில் உள்ளதை எடுக்காமல், நிலத்தையே விரிவாக்கியதற்கு ஒப்பானது அது. திருகாணியைத் திருப்பியவர் செய்தது அதுவன்று.

காருக்கும் இதே நியாயம் பொருந்துமா என்று சிலர் கேட்கலாம். நம் நாட்டில் எல்லோரும் அறிந்த அம்பாசடர் காரையே எடுத்துக்கொள்வோம். 2014-ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நின்றுபோயிற்று. நெடுங்காலம் அதை ஓட்டியது 1,489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின். பிரிட்டனில் 'பி' வரிசை என்று பெயர் பெற்ற குடும்பத்தைச் சேர்ந்தது. சுமார் 50 குதிரைச் சக்திதான் தரும். அதே குடும்பத்து 1,489 கன சென்டிமீட்டர் எஞ்சினை எம்.ஜி.ஏ. என்ற விளையாட்டுக் காரில் வைத்தபோது, இரண்டு கார்புரேட்டர் முதலிய மாறுதல்களால் 72 குதிரைச் சக்தி வரை பெற்றார்கள். அது நன்றாகவே உழைத்தது. ஆசை அத்துடன் நிற்கவில்லை. 1958-இல் அதே பிளாக்கைச் சற்று விரித்து, 1,588 கன சென்டிமீட்டராக்கி, தலையில் இரண்டு கேம் தண்டுகளை வைத்து, நெருக்க விகிதத்தை 9.9 ஆக உயர்த்தி, 108 குதிரைச் சக்தி பெற்றார்கள். அந்த எஞ்சினின் பிஸ்டன்கள் எரிந்து ஓட்டையாவது ஊரறிந்த செய்தியாயிற்று. நெருக்க விகிதத்தைப் பிறகு 8.3 ஆகக் குறைத்துப் பார்த்தார்கள். ஆனாலும் கெட்ட பெயர் போகவில்லை. 1960-இல் அதைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். ஒரே குடும்பத்தில் பிறந்த மூவர்: ஒருவர் மெதுவாக நடந்து முதுமை வரை இருந்தார், ஒருவர் ஓடினார், மூன்றாமவர் மூச்சு முட்டி விழுந்தார். 50-லிருந்து 72-க்குப் போனது ஆயுளைக் கெடுக்கவில்லை. 108-க்குப் போனதுதான் கெடுத்தது.

பெட்ரோல் எஞ்சினில் கவனிக்க வேண்டியது நாக்கிங் என்னும் இடிப்பு. நெருக்க விகிதத்தைக் கூட்டினாலோ, தீப்பொறியை மிக முன்னதாக வைத்தாலோ, பெட்ரோல்-காற்றுக் கலவையின் ஒரு பகுதி முறையாக எரியாமல் படீரென்று வெடிக்கிறது. உலோகத்தைச் சுத்தியால் தட்டுவது போன்ற ஓசை கேட்கும். எந்த ஆக்டேன் எண்ணுள்ள பெட்ரோலுக்கு வகுக்கப்பட்டதோ, அதற்குத் தாழ்ந்ததை ஊற்றிவிட்டு எஞ்சினைக் குறைகூறுவது நியாயமன்று.

எவ்வளவு நேரம் என்ற கேள்வியும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் ஸ்பிட்ஃபயர் விமானத்தில் இருந்த ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சின் சுமார் 1,000 குதிரைச் சக்தி உடையது. 100 ஆக்டேன் பெட்ரோல் கிடைத்ததும், ஆபத்து வேளையில் அழுத்தத்தைக் கூட்டிக்கொள்ள விமானிக்கு அனுமதி அளித்தார்கள். ஆனால் ஐந்து நிமிஷத்துக்கு மட்டும். தரையிறங்கியதும் அதை அவர் தெரிவிக்க வேண்டும். எஞ்சினின் பதிவேட்டில் அது குறிக்கப்படும். கூடுதல் சக்தியை அவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கவில்லை, செலவாகக் கணக்கெழுதினார்கள். போர் முடிவதற்குள் அதே 27 லிட்டர் எஞ்சின், உறுப்புகள் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டு, 2,000 குதிரைச் சக்தியைத் தொட்டது. வீட்டுக் காரில் ஆண்டுக்குச் சில முறை, முந்திச் செல்லும் சில விநாடிகளுக்கு மட்டும் கூடுதல் சக்தியைக் கேட்பவருக்கு அதன் விலை பெரிதாகத் தெரியாமல் போகலாம். மணிக்கணக்காக முழுச் சுமையோடு இழுக்கும் லாரிக்கும், இரவெல்லாம் ஓடும் திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டியின் கம்ப்ரசர் எஞ்சினுக்கும் அந்தச் சலுகை இல்லை.

இன்றைய லாரிகளில் அந்தப் பழைய பம்ப்பும் இல்லை, ஈயச் சீலும் இல்லை. எவ்வளவு டீசல், எந்த நொடியில் என்பதை ஒரு சிறு கணிப்பொறி முடிவு செய்கிறது. மடிக்கணினியைக் கொண்டுவந்து இணைத்து அதன் கணக்கை மாற்றித் தருவோர் இப்போது உண்டு. திருகாணி மாறியதே ஒழியப் பிஸ்டன் இன்னும் அலுமினியம்தான். ஒரு வேறுபாடு உண்டு: இந்தக் கணிப்பொறி வெப்பம் மிகுந்தால் தானே சக்தியைக் குறைத்து எஞ்சினைக் காக்கும். அந்தக் காவலையும் சேர்த்து நீக்கித் தருவதாகச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிப்படி வரும் டீசல் வண்டிகளில் கரியைப் பிடிக்கும் வடிகட்டியும் இருக்கிறது. மிகுதியாகக் கரி கக்கும் எஞ்சின் முதலில் அதை அடைத்துக்கொள்ளும்.

டியூனிங் என்ற சொல்லுக்கே இப்போது சக்தியைக் கூட்டுவது என்ற பொருள் வந்துவிட்டது. சங்கீதம் கேட்பவர்களுக்கு அது வியப்பாக இருக்கும். தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பவர் தந்தியை எவ்வளவு முடியுமோ அவ்வளவு முறுக்குவதில்லையே! நாசில் சரியாகத் தூவுகிறதா, வால்வு இடைவெளி சரியா, ஆறு சிலிண்டருக்கும் டீசல் சமமாகப் போகிறதா என்று பார்த்து, ஏர் கிளீனரைச் சுத்தம் செய்து, அளவைப் பழையபடி நிறுத்துவதும் டியூனிங்தான். சக்தி குறைந்துவிட்டது என்று பட்டறைக்கு வரும் லாரிகளில் பலவற்றுக்கு வேண்டியது இதுவே. இழந்த சக்தி திரும்பும்; ஆயுளும் கூடும். இதற்கு நேரம் பிடிக்கும். திருகாணியைத் திருப்புவது எளிது. ஆகையால் எது முதலில் நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இறுதியாக, இந்தக் கணக்கில் நாம் காணாத ஒருவரைப் பற்றி. லாரிகள் நம் பகுதியில் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. முதல் உரிமையாளர் கூடுதல் சக்தியை அனுபவித்துவிட்டு, எஞ்சின் புகையத் தொடங்குமுன் விற்றுவிடுகிறார். அவர் செலவழித்த ஆயுளுக்குரிய விலையை, பெரும்பாலும் நேற்று வரை ஓட்டுநராக இருந்து, நகையை அடகு வைத்து முதல் வண்டி வாங்கும் ஒருவர் கொடுக்கிறார். உங்கள் வீட்டிலோ உறவிலோ யாரேனும் பழைய லாரியைப் பார்க்கப் போனால் நீங்களும் உடன் செல்லுங்கள். எஞ்சினைச் சூடாக்கி, எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று வந்தால் ரிங்குகள் தளர்ந்துவிட்டன. அளவுக்கோலை உருவி எண்ணெயை முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை வீசக்கூடாது. பம்ப்பில் சீல் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால், ஏன் என்று கேளுங்கள். நல்ல இழுவை என்று விற்பவர் அதைப் பெருமையாகச் சொல்லக்கூடும். விலையைக் குறைத்துக் கேட்க வேண்டிய இடமும் அதுதான்.